சரஸ்வதி உட்கார்ந்த கட்டில்

விஜயதசமி காலை. சுங்கைப் பட்டாணியில் எங்கள் கல்லூரி விடுதியின் கீழ் அறை. ஜன்னலோரக் கட்டிலில் முதல் நாள் மாலை அடுக்கிய புத்தகங்கள் கலையாமல் இருக்கின்றன. மேலே குங்குமப் பொட்டு, வாடிய சாமந்தி. தலையணைமேல் சாய்த்து வைத்த சரஸ்வதி படம். சுண்டல் தின்ற கையைக் கழுவிக்கொண்டு பெண்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் புத்தகத்தை எடுக்கிறார்கள். எடுத்ததும் ஒரு பக்கமாவது படிக்க வேண்டும். அதுதான் வழக்கம்.

நானும் என் குழந்தை உளவியல் புத்தகத்தைப் பிரித்தேன். நடுவில், தையல் ஓடும் பள்ளத்தில், பாதித் துவரம்பருப்பு அளவில் ஏதோ நகர்ந்தது. குங்குமத் துணுக்கு என்று நினைத்து ஊதினேன். அது என் ஊதலைச் சட்டை செய்யாமல் நிதானமாக நடந்து அட்டைக்குள் நுழைந்துவிட்டது.

நல்ல நாளும் அதுவுமாகப் பூச்சியைக் கொல்வானேன்? புத்தகத்தை மூடிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மாடிக்கு எடுத்துப் போனேன். மற்றப் பெண்களும் அதையேதான் செய்தார்கள். பக்தியோடு, பத்திரமாக, ஆளுக்கு ஒரு கட்டுப் புத்தகம், அறை அறையாக.

மூட்டைப்பூச்சிக்கு இப்படி ஊர்வலம் வைத்து வழியனுப்பியவர்கள் உலகத்தில் நாங்கள் மட்டுமாகத்தான் இருப்போம்.

நாற்பத்தைந்தில் அஸ்ராமா

இந்தத் தொடருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பாலிங் பக்கம் கூப்பாங்கில் பாலர் பள்ளி ஆசிரியை. பல வருடம் பாட்டும் கதையுமாகப் பிள்ளைகளோடு காலம் ஓடியது. பிறகு டிப்ளோமா இல்லாமல் இனி இந்த வேலையில் நீடிக்க முடியாது என்றார்கள். என் மகன் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு நான் கல்லூரிக்குப் போனேன்.

வகுப்பு கடைவீட்டு மேல்மாடியில். தங்குவதற்குப் பக்கத்துத் தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில், ஒரு மாடி வீட்டைக் கல்லூரி வாடகைக்கு எடுத்திருந்தது. அதைத்தான் எல்லாரும் அஸ்ராமா என்போம். மற்றப் பெண்களெல்லாம் பதினெட்டு, பத்தொன்பது. என்னை எப்படிக் கூப்பிடுவது என்று முதல் வாரம் திண்டாடினார்கள். ஆன்ட்டி என்றால் நான் முறைப்பேன். கடைசியில் 'டீச்சரக்கா' என்று ஆனது. டீச்சர் மரியாதைக்கு, அக்கா என் மனசு நோகாமல் இருப்பதற்கு.

என் வீட்டுக்காரர் பழ வியாபாரி. வேனில் டுரியானும் ரம்புத்தானும் ஏற்றி ஊர் ஊராகப் போகிறவர். நான் அஸ்ராமாவுக்குப் போவதில் அவருக்கு ஒரே ஒரு கவலைதான். "ராத்திரி ரசம் வேணும்னா நான் யார்கிட்ட போயி கேக்கறது?" என்றார். கேட்கவே வேண்டாம், யூடியூப்பில் பார்த்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினேன்.

படிக்கட்டுக்குக் கீழே ஒருத்தி

கீழ் அறை என்றேனே, அது அறை என்று சொல்லும்படி இருக்காது. படிக்கட்டுக்குக் கீழே, அடுப்படியை ஒட்டி, ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் இடம். கடைசியாகச் சேர்ந்த லோகேஸ்வரிக்கு அது கிடைத்தது. பாலிங்குக்கு அப்பால் ஒரு தோட்டத்துப் பெண். அப்பா ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டுகிறவர், அம்மா நாற்றுத் தோட்டத்தில் வேலை. அக்கா முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள்.

லோகேஸ் அதிகம் பேச மாட்டாள். சாப்பிட்டால் தட்டைக் கழுவுவாள், அதோடு அடுத்தவர் தட்டையும் கழுவுவாள். கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். ஒருநாள் கையைத் திருப்பிப் பார்த்தேன், வரிசையாகத் தடிப்பு. "சுங்கைப் பட்டாணி கொசு ரொம்ப மோசம் டீச்சரக்கா," என்று சிரித்துவிட்டுச் சட்டையை இழுத்துவிட்டாள்.

சரஸ்வதி பூசை வந்தபோது அம்பாளை எங்கே உட்கார வைப்பது என்று பேச்சு வந்தது. சாப்பாட்டு மேசையில் முதல் நாள்தான் கோழிக் குழம்பு ஓடியிருந்தது. ஹாலில் ஒரு பக்கம் செருப்பு, மறுபக்கம் ஈரத் துணி. எல்லாரும் முழித்துக்கொண்டு நின்றபோது லோகேஸ் மெதுவாகச் சொன்னாள்.

"என் கட்டில் கிழக்கப் பாத்துதான் இருக்கு. வேணும்னா வெச்சிக்கலாம்."

அவள் அம்மா கொடுத்தனுப்பிய புது விரிப்பு ஒன்று பிரிக்காமல் இருந்தது. அதைப் பிரித்துச் சுருக்கமில்லாமல் விரித்தாள். பெண்கள் புத்தகங்களைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். லேப்டாப், எழுத்து அட்டைகள், கத்தரிக்கோல் எல்லாம் வந்தன. அலோர் ஸ்டார் ஷாமினி, என் அறைக்காரி, முடியை நேராக்கும் கருவியையும் கொண்டுவந்து பொட்டு வைத்தாள். அதுவும் ஆயுதம்தானாம்.

அன்றிரவு லோகேஸ் ஹாலில் பாய் போட்டுப் படுத்தாள். அவள் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவளிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. அன்றைக்கு மற்ற எல்லாரும் அவள் அறை வாசலில் கும்பிட்டு நின்றோம்.

கட்டிலில் ஆள் இல்லாத அந்த ஓர் இரவில்தான் பசித்த பூச்சிகள் புத்தகங்களுக்குள் இறங்கியிருக்க வேண்டும். அது அப்போது யாருக்குத் தெரியும்?

சாம்பிராணிக்கு அசையாதது

ஒரு வாரத்தில் மாடி முழுக்கச் சொறிய ஆரம்பித்தது. முதலில் புதுச் சோப்பு என்றார்கள், பிறகு கருவாடு என்றார்கள். ஷாமினியின் மெத்தை ஓரத்தில் கறுப்புப் புள்ளிகளைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. விஜயதசமி அன்று நான் ஊதிப் பார்த்த குங்குமம் எது என்று அப்போது புரிந்தது.

அதற்குள் பெண்கள் வைத்தியத்தைத் தொடங்கிவிட்டார்கள். ஒருத்தி கொசு மருந்தை மெத்தை நனைய அடித்தாள். பூச்சி சாகவில்லை, மூட்டைமுடிச்சோடு அடுத்த அறைக்குக் குடி போனது. இன்னொருத்தி வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டாள். பூச்சி அசையவில்லை. பக்கத்து வீட்டு மலாய் அம்மாதான் "ஆப்பி கா? ஆப்பி கா?" என்று நெருப்பை அணைக்க வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். அவரைச் சமாதானப்படுத்தி அனுப்ப ஒரு தட்டுச் சுண்டல் செலவானது.

எனக்கு மூட்டைப்பூச்சி புதிதில்லை. நான் பிறந்த தோட்டத்து லயன் வீட்டில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில், பலகைக் கட்டில். ஞாயிற்றுக்கிழமை அதை வாசலுக்குத் தூக்கிக் கொண்டுவந்து அப்பா இடுக்குகளில் கொதிநீர் ஊற்றுவார். அம்மா மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பாள். டவுனில் படம் பார்த்துவிட்டு வருகிற ஆண்கள் வாசலிலேயே கைலியை உதறிவிட்டுத்தான் உள்ளே வரலாம், கொட்டகை நாற்காலி அப்படி. அந்தக் காலம் நல்ல காலம் என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு முதலில் முதுகு அரிக்கும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். லயத்தில் எல்லார் வீட்டிலும் பூச்சி இருந்தது. அதனால் யாரும் யாரையும் குறை சொன்னதில்லை. அஸ்ராமாவில் கதை வேறு.

சாப்பாட்டு மேசையில்

"நம்ம புக்ஸ் எல்லாம் எங்க வெச்சோம்? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கலா," என்றாள் ஷாமினி.

சனிக்கிழமைப் பகல் சாப்பாடு. மீ கோரெங். எல்லாரும் கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

"அவ கையப் பாருங்க. நமக்கெல்லாம் கடிக்கறதுக்கு முன்னாலயே அவளுக்குக் கடிச்சிருக்கு. தெரிஞ்சேதான் கட்டிலக் குடுத்திருக்கா." லோகேஸைக் காட்டிச் சொன்னாள்.

லோகேஸ் சட்டைக் கையை விரல் நுனிவரை இழுத்தாள். "எனக்குத் தெரியாதுக்கா. கொசுன்னுதான் நெனச்சேன்."

"கொசு வரிசையா கடிக்குமா? உங்க தோட்டத்துல இருந்து கொண்டாந்தியா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பூச்சி என்னா, ஐசி கார்டப் பாத்துட்டா ஏறுது? தோட்டமா டவுனான்னு கேட்டுட்டா கடிக்குது? சாப்பிடுங்கடி பேசாம," என்று ஒரு சத்தம் போட்டேன். வாய் மூடின. ஆனால் மனசு மூடவில்லை. அன்று மாலையிலிருந்து லோகேஸின் துண்டுக்குப் பக்கத்தில் யாரும் துண்டு காயப்போடவில்லை. அவள் கழுவி வைத்த தட்டை எடுத்து மறுபடி கழுவினார்கள். அவள் செருப்பு மட்டும் வாசலில் தனியாகக் கிடந்தது.

அவள் தன் செருப்பைத் தானே இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

கழுத்து நிற்காத குழந்தை

தீபாவளிக்கு ஒரு வாரம்கூட இல்லை. நான் அடுப்படியில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். பக்கத்து அறையில் லோகேஸ் அம்மாவோடு ஃபோனில் பேசியது கேட்டது.

"பரீட்சை இருக்கும்மா. வர முடியாது... ஆமா, தீவாளி அன்னிக்குத்தான்... என்னா பண்றது, வெச்சிட்டாங்க."

தீபாவளியன்று எந்தக் கல்லூரி பரீட்சை வைக்கும்? பொய் சொல்லக்கூடத் தெரியாத பெண். ஃபோனை வைத்ததும் நெத்திலிக் கையோடு போய் அவள் வாசலில் நின்றேன். துணியெல்லாம் கறுப்புப் பையில் கட்டிக் கிடந்தது. புத்தகங்கள் தனியாக ஒரு மூலையில்.

"என்னா லோகேஸ் இது?"

"வீட்டுல அக்கா பாப்பா இருக்கு டீச்சரக்கா. இன்னும் கழுத்துகூட நிக்கல. நான் போயி, அதோட தொட்டில்ல ஒண்ணு ஏறிடுச்சின்னா?" கறுப்புப் பையின் முடிச்சை இறுக்கினாள். "தீவாளிக்கும் போகல, அப்புறமும் போகல. இதையெல்லாம் இங்கயே தூக்கிப் போட்டுட்டு பட்டர்வொர்த்துல ஃபாக்டரி வேலைக்குப் போயிடறேன். இங்க இருந்தாலும் எல்லாருக்கும் கஷ்டம்."

பத்தொன்பது வயதில் ஒருத்தி, போவதற்கு வீடும் இல்லை, இருப்பதற்கு இடமும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டாள். கடுகளவு பூச்சி. அது குடித்த ரத்தத்தைவிட அது செய்த இந்த வேலைதான் எனக்குப் பொறுக்கவில்லை. "பொறு, அவசரப்படாத," என்று மட்டும் சொன்னேன்.

டோபிக் கடையில் தீபாவளி

எங்கள் வார்டன் ஞானம் மிஸ், யாழ்ப்பாணத்து வம்சம். கண்டிப்பானவர், ஆனால் வீண் பேச்சு கிடையாது. யார் கொண்டுவந்தார்கள் என்ற பேச்சு இனி இந்த வீட்டில் வரக்கூடாது என்றார். மருந்தடிக்க ஆள் வரும், அதற்குமுன் வீட்டில் துணி என்று இருப்பதெல்லாம் கட்டிய பையோடு டோபிக்குப் போக வேண்டும், துவைத்தால் போதாது, உலர்த்தும் மெஷினின் உச்சச் சூட்டில் சுற்ற வேண்டும், சூட்டுக்குத்தான் அது சாகும். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

காசு போட்டுத் தானே துவைத்துக்கொள்ளும் டோபிக் கடை எங்கள் தாமான் முனையில் இருக்கிறது. பகல் வெயிலில் பன்னிரண்டு பெண்கள் கறுப்புப் பைகளோடு வரிசையாகப் போனோம். அங்கே இருந்த ஒரு அம்மா வியந்துபோனார். "தீவாளிக்கு இப்பவே எல்லாத்தையும் துவைக்கறீங்களா? இந்தக் காலத்துல இப்படிப் பொண்ணுங்களா?" என்றார். நாங்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினோம். அவர் பக்கத்து மெஷினை விட்டு இரண்டு மெஷின் தள்ளியே எங்கள் துணியைப் போட்டோம்.

லோகேஸ் கடைசி மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் சரஸ்வதி உட்கார்ந்த அந்த விரிப்பு சுற்றிச் சுற்றி வந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷாமினி தன் பெட்டியையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். துணியை எடுத்துப் போட்டுவிட்டு, ஃபோன் வெளிச்சத்தில் பெட்டியின் தையலைத் தடவிப் பார்த்தவள், அப்படியே நின்றுவிட்டாள். நான் எட்டிப் பார்த்தேன். உள் துணியின் ஓரத்தில் பூச்சி உரித்துப் போட்ட காய்ந்த தோல்கள், பழைய கறைகள். நேற்று முந்தாநாள் வந்தவை போலத் தெரியவில்லை.

"இது எப்ப வந்துச்சின்னு எனக்குத் தெரியலக்கா," என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "வருஷ ஆரம்பத்துல பினாங்குல ஒரு லாட்ஜில தங்கினோம். அப்பவே ஏறிச்சோ என்னமோ."

மூடி வைத்திருக்கலாம். என்னையும் லோகேஸையும் பார்த்தாள், கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். பிறகு எழுந்து கடைசி மூலைக்குப் போய் லோகேஸுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னோடதாவும் இருக்கலாம்லா," என்றாள்.

லோகேஸ் தள்ளி நகர்ந்து உட்காரவில்லை. மெஷின் நின்றதும் விரிப்பை எடுத்து ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து மடித்தார்கள். சூடு தாங்காமல் இருவரும் விரலை ஊதிக்கொண்டார்கள். எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அன்றைக்குப் பிறகு தெரிந்துகொள்ள வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை.

பின்வாசல் பைப்பு

அன்று மாலை லோகேஸ் அம்மாவைக் கூப்பிட்டு உள்ளதைச் சொல்லிவிட்டாள். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னாள். மறுமுனையில் தொட்டில் கம்பி கிறீச்சிடுவது மட்டும் கேட்டது.

எனக்கு என்ன யோசனை ஓடியது என்றால், எங்கள் ஊர்ப்பக்க வீடுகளில் பின்வாசலில் ஒரு பைப்பு இருக்கும். துக்க வீட்டுக்குப் போய் வந்தால் அங்கே தலைக்கு ஊற்றி, துணியை அங்கேயே போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவோம். அதைச் சொல்லலாமா என்று வாய்வரை வந்தது. நல்ல நாளில் பெற்ற பிள்ளையை எழவு வீட்டிலிருந்து வந்தவளைப் போல நிறுத்தச் சொல்வதா? விழுங்கிவிட்டேன்.

அந்த அம்மா சிரிக்க ஆரம்பித்தாள்.

"அடி பைத்தியக்காரி, இதுக்கா பரீட்சைன்னு பொய் சொன்ன? தீவாளி அன்னிக்கு இந்த வீட்டுல எவ குளிக்காம இருக்கா? எண்ண தேச்சி, தலைக்கு ஊத்தி, பழசக் கழட்டிப் போட்டு, புதுசக் கட்டிக்கிட்டுத்தானே எல்லாரும் நிக்கிறோம்? நீ முந்தின நாளு வராத. தீவாளி அன்னிக்கே விடிய வா. பின்பக்கமா வா. ஒண்ணும் கொண்டாராத, கைய வீசிக்கிட்டு வா. மத்தத அம்மா பாத்துக்கறேன்."

அதே பின்வாசல், அதே பைப்பு, அதே தண்ணீர். எனக்கு எழவு ஞாபகம் வந்தது, அவளுக்குத் தீபாவளி ஞாபகம் வந்தது. லோகேஸ் ஃபோனைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும்தான்.

மூன்று பேர் குளியல்

தீபாவளிக்கு முந்தின நாள் அஸ்ராமா காலியானது. லோகேஸைத் தனியாக விட மனசில்லாமல் நானும் தங்கிவிட்டேன். என் வீட்டுக்காரரிடம் விடியற்காலை வேன் கொண்டுவரச் சொன்னேன். "பூச்சி சாப்பிட்டுச்சா? அப்ப நீ சாப்பிட்டியா?" என்று அந்த இரண்டு வாரமாக ஃபோனில் தினமும் கேட்டவர் அவர். அன்றைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்து சேர்ந்தார். இருக்கையில் பழக்கூடைக்குப் போடும் பிளாஸ்டிக்கை விரித்து வைத்திருந்தார்.

பாலிங் மலைமேல் பனி இறங்கியிருந்தது. தோட்டத்துக்குள் திரும்பும்போது வெளிச்சம் வந்துவிட்டது. அங்கங்கே வெடிச் சத்தம். வேன் முழுக்கப் போன மாதத்து டுரியான் வாடை. லோகேஸ் சாமான் ஒன்றும் இல்லாமல் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீடு நெருங்க நெருங்க அவள் முகம் சுருங்கியது.

பின்வாசலில் அவள் அம்மா காத்திருந்தாள். விறகடுப்பில் அண்டா நிறைய வெந்நீர். கிண்ணத்தில் காய்ச்சிய நல்லெண்ணெய், சீயக்காய். கொடியில் மஞ்சள் தடவிய புதுச் சுடிதார். பழைய துணிக்குத் தனியாக ஒரு கொதிநீர் வாளி. முக்காலியைக் காட்டி, "உக்காரு," என்றாள். வேறு ஒரு கேள்வி இல்லை.

மகள் உட்கார்ந்ததும் உச்சியில் எண்ணெய் வைத்துத் தேய்த்தாள். பிறகு கையை உயர்த்தி அந்தத் தடிப்புகளைப் பார்த்தாள். ஒன்றொன்றின்மேலும் எண்ணெய் தொட்டு வைத்தாள். "இத மறைச்சிக்கிட்டா இத்தன நாளு இருந்த," என்றாள். லோகேஸ் அம்மாவின் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பார்க்கக் கூடாததைப் பார்ப்பதாக நினைத்து நான் வேன் பக்கம் நகர்ந்தேன். "டீச்சர், எங்க போறீங்க? நீங்களும் அந்த அஸ்ராமாதான," என்று குரல் வந்தது.

"நான் வீட்டுக்குப் போயி குளிச்சிக்கறேன்மா."

"இந்த வீட்டுக்கு வந்துட்டு நல்ல நாள்ல சாப்பிடாம போவீங்களா? சாப்பிடணும்னா உள்ள வரணும். உள்ள வரணும்னா உக்காருங்க."

என்னைவிட நாலைந்து வயது சின்னவளாக இருப்பாள். அதட்டினாள், உட்கார்ந்தேன். எண்ணெய்க் கை என் தலையில் பட்டது. என் அம்மா போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு என் உச்சியில் நானே எண்ணெய் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் மகனுக்கு வைப்பேன், வீட்டுக்காரருக்கு வைப்பேன், கடைசியில் கிண்ணத்தில் ஒட்டியிருப்பதை எனக்கு. இன்னொருவர் கை என் தலையில் இருப்பது எப்படி இருக்கும் என்பதே மறந்திருந்தது. எண்ணெய் கண்ணில் இறங்கிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

வேன் ஓட்டிக்கொண்டு வந்த என் வீட்டுக்காரரையும் விடவில்லை. வேனுக்குள் ஒளியப் பார்த்தவரை லோகேஸின் அப்பா கையைப் பிடித்து அழைத்துப் போய் முன்பக்கப் பைப்பில் உட்கார வைத்தார். யார் வீட்டுக் கைலியோ கட்டிக்கொண்டு, நெற்றியில் விபூதியோடு வந்து நின்றவரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கு அந்த அம்மா தனக்கென்று எடுத்து வைத்திருந்த புதுச் சேலையைக் கொடுத்தாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவளிடம் யார் ஜெயிப்பது?

லோகேஸ் ஈரத் தலையோடு நடுவீட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அக்கா தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தாள். லோகேஸ் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தாள், தொடவில்லை.

"தொடுடி. குளிச்சிட்ட இல்ல," என்றாள் அம்மா.

ஒரு விரலை நீட்டினாள். குழந்தை அந்த விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டது. இட்லி ஆறிப்போகும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

அடுத்த நவராத்திரி

விடுமுறை முடிந்து அவள் திரும்பி வருவாளா என்று எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. வந்தாள், கையில் ஒரு டின் முறுக்கோடு. வாசலில் ஷாமினி நின்றிருந்தாள், அவள் தலை ஈரம். ஊரிலிருந்து வருகிற எல்லாரும் பின்பக்கம் போய்க் குளித்து, துணியைப் பையில் கட்டிவிட்டுத்தான் மாடி ஏறுவது என்று அன்றிலிருந்து அஸ்ராமாவில் வழக்கமானது. மருந்துக்காரர்கள் இன்னும் சில தடவை வந்துபோனார்கள். கட்டில்கள் சுவரைவிட்டுத் தள்ளி நின்றன. விரிப்பு தரையில் தொங்கக்கூடாது, பையைக் கட்டிலில் வைக்கக்கூடாது, யாரோ வீசிய மெத்தையோ நாற்காலியோ உள்ளே வரக்கூடாது. சனிக்கிழமை காலையில் ஃபோன் வெளிச்சத்தில் மெத்தைத் தையலைப் பார்ப்பது பல் தேய்ப்பதைப் போலப் பழகிவிட்டது.

மறு வருடம் சரஸ்வதி பூசைக்கு ஞானம் மிஸ் ஒரு இரும்பு மேசை வாங்கிப் போட்டார். பளபளப்பான மேசை, இடுக்கே கிடையாது. ஹாலைக் கழுவிக் கோலம் போட்டு நடுவில் வைத்தோம். இதுதான் சரி, இனிக் கவலையில்லை என்றார்கள். லோகேஸும்தான் சொன்னாள், எல்லாருக்கும் முந்திக்கொண்டு. சொல்லிவிட்டுத் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பூத்தொடுக்க உட்கார்ந்தாள்.

ஷாமினி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கையில் புத்தகம், லேப்டாப், அந்த முடிக் கருவி. மேசைக்கு முன் வந்து நின்றாள், கொஞ்சம் யோசித்தாள். பிறகு நேராகப் போய்ப் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் அந்தக் கதவைத் தட்டினாள்.

"லோகேஸ், கட்டிலக் குடுலா. மேசை ஆடுது."

லோகேஸ் கதவைத் திறந்து அவளைப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள். அலமாரியைத் திறந்து அந்த விரிப்பை எடுத்தாள். ஷாமினி ஃபோன் வெளிச்சத்தில் மெத்தையைச் சுற்றி ஒரு முறை பார்த்துவிட்டு ஒரு முனையைப் பிடித்தாள். மற்றப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகப் புத்தகக் கட்டோடு அந்தச் சின்ன அறைக்குள் நுழைய ஆரம்பித்தார்கள்.

நான் மேசையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். அசையவே இல்லை. என் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நானும் உள்ளே போனேன்.